சுலைகா தண்ணீர்

வெள்ளிமலை
18.4.2024

அன்புள்ள தஸ்தகீர் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாளன்று பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தது தப்புதான். அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன்னிடம் கேட்கமாட்டேன், எனக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை. போனில் பேசலாம் என்றால் இந்த மலையில் எங்கள் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கிறது. கிடைத்தாலும் நீ "வெய் போன" என்று கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் ஒரு தரம் படித்துவிடு.

தோட்டத்துக் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாய். காலனியில் போர்வெல் வற்றிவிட்டது. நம் கிணற்றை விட்டால் அந்தச் சனங்களுக்கு ரோட்டோரக் கைபம்புதான். இந்த வெயிலில் அங்கே போய் வரிசையில் நின்று திரும்புவதற்குள் கூலி வேலைக்கு ஆள் எடுத்து முடித்துவிடுகிறார்கள். பெருநாளன்று நாமெல்லாம் புதுத்துணி போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தபோது, நம் தோட்டத்தில் காலங்காலமாகக் களை எடுக்கிற கொளஞ்சியம்மாள் அந்த வலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "இன்னாம்மா ஷம்ஷாத்து, தண்ணி நல்லாத் தெரியிது, மொள்ளத்தான் முடியல" என்று சிரித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை.

கரும்பு காய்கிறது என்கிறாய். காய்கிறதுதான். ஆனால் குடிக்கிற வாய்க்கும் கரும்பு வேருக்கும் எது முந்தி என்று உனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? இஸ்லாமியச் சட்டத்தையும் இயற்கைச் சட்டக் கோட்பாட்டையும் ஒப்பிட்டு நான் ஆராய்ச்சி செய்வதைக் கேட்டு நீ எப்போதும் சிரிப்பாய். இந்த இயற்கைச் சட்டக்காரர்கள் சொல்வது இதுதான்: நியாயம் எது என்று மனிதனாய்ப் பிறந்த எவனுக்கும் புத்தியாலேயே தெரியும். சர்க்கார் எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் தெரியும், எந்த மதத்துக்காரனுக்கும் தெரியும். தாகத்தோடு வந்தவரைத் தடுக்கக் கூடாது என்பது அப்படித் தெரிகிற ஒன்று. உனக்கும் தெரியும். தெரிந்தேதான் பூட்டினாய்.

பூட்டை எடு அண்ணா. எடுக்கும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.

தங்கை,
ஷம்ஷாத்


தோட்டத்து வீடு
23.4.2024

தங்கச்சி ஷம்ஷாத்துக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. போஸ்ட்மேன் எதிரிலேயே நின்றான், கிழித்தால் சங்கராபுரம் வரைக்கும் போய்ச் சொல்லுவான்.

மருந்தாளுநர் பெண்டாட்டியாக மலைமேல் குளுகுளுவென்று உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம். இங்கே வந்து பார். கரும்பு இடுப்பளவு ஏறியிருக்க வேண்டிய நேரத்தில் முழங்காலுக்குக் கீழே சருகாக நிற்கிறது. கிணற்றில் தண்ணீர் பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் முழுக்க ஊறினால் கொஞ்ச நேரம் மோட்டார் ஓடும். அதையும் குடம் குடமாகக் கொடுத்துவிட்டு நான் ஆலைக்கு எதை வெட்டி அனுப்புவது, என் தலையையா?

உன் இயற்கைச் சட்டத்தை அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். எவனுக்கும் புத்தியில் தெரியுமாமே? மணலூர்பேட்டைப் பக்கம் ஆற்று மணலை அள்ளுகிறவனுக்கும் புத்தி இருக்கிறது. அள்ளுடா என்றுதான் அது அவனுக்குச் சொல்கிறது. ஆளுக்கு ஒரு புத்தி, நாளுக்கு ஒரு புத்தி. அதனால்தான் அல்லாஹ் வேதத்தை இறக்கினான், இது ஹலால் இது ஹராம் என்று கோடு போட்டான். மனுஷன் புத்தியே போதுமென்றால் இத்தனை நபிமார்கள் எதற்கு வந்தார்கள்? நான் அந்தக் கோட்டுக்குள் நிற்கிறவன். ஐந்து வேளை தொழுகிறேன், ஜகாத் கொடுக்கிறேன். என் நிலத்தில் இருக்கிற என் கிணற்றைப் பூட்டுவது எந்த ஹராம்?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அத்தா மவுத்தான பிறகு ஷரீஅத் சொன்னபடி சொத்தை எனக்கு இரண்டு பாகம், உனக்கு ஒரு பாகம் என்று பிரித்தார்கள். அன்றைக்கு உன் இயற்கைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சமமாகக் கொடு என்று கேட்டாயா? வாயைத் திறக்கவில்லையே. இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது அது?

தஸ்தகீர்


வெள்ளிமலை
27.4.2024

அண்ணனுக்கு,

கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு உள்ளுக்குள் குடைந்தது, சண்டைக்காரி என்பார்களே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பயம் இப்போது இல்லை. அதைத் தனியாகக் கேட்பேன், மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

மணல் அள்ளுகிறவன் விஷயத்தில் நீ சொன்னது சரியான அடி. இயற்கைச் சட்டக்காரர்களைப் பார்த்து அறிஞர்கள் கேட்கிற கேள்வியும் அதுதான். நம் பழைய மார்க்க ஆலிம்களும் இதற்காக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பொய் கெட்டது என்பதால் அல்லாஹ் அதைத் தடுத்தானா, அவன் தடுத்ததால் அது கெட்டதாயிற்றா என்று இரண்டு கட்சி. நல்லது கெட்டதை ஓரளவு புத்தியாலும் அறியலாம் என்ற கட்சியில் நம் ஹனஃபி ஆலிம்களே நிறையப் பேர் உண்டு. நீ கேட்டுப் பார்க்க மாட்டாய். பரவாயில்லை, நான் உன் கோட்டுக்குள்ளேயே வருகிறேன்.

தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் எல்லாருக்கும் பங்கு உண்டு என்ற நபிமொழியை நீ என்னைவிட அதிகத் தரம் பள்ளிவாசல் பயானில் கேட்டிருப்பாய். அதிலிருந்துதான் நம் சட்டத்தில் தாகத்தின் உரிமை என்று ஒன்று வந்தது. கிணறு யார் நிலத்தில் இருந்தாலும், அதில் ஊறுகிற தண்ணீரைக் குடிக்கவும் ஆடு மாட்டுக்குக் காட்டவும் எல்லாருக்கும் உரிமை. பயிர் அதற்குப் பிறகுதான். உயிர்போகிற தாகத்தில் வந்தவனைக் கிணற்றுக்காரன் தடுத்தால் ஆயுதம் எடுத்துச் சண்டை போடக்கூட அனுமதி இருக்கிறது. பாத்திரத்திலோ தொட்டியிலோ பிடித்து வைத்த தண்ணீர் என்றால் மட்டும் கதை வேறு. அது பிடித்தவனுக்குச் சொந்தம், சாகிற நிலையில் இருப்பவனும் ஆயுதமில்லாமல் போராடித்தான் அதை வாங்க வேண்டும். உன்னுடையது கிணறு. கொளஞ்சியம்மாளிடம் களைக்கொத்து இருக்கிறது, ஜாக்கிரதையாக இரு.

நீ நம்புகிற சட்டம்தான் சொல்கிறது. நம்பாவிட்டால் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேள். பூட்டை எடு.

ஷம்ஷாத்


தோட்டத்து வீடு
4.5.2024

அறிவாளித் தங்கச்சிக்கு,

ஹஜ்ரத்திடம் கேட்டேன். நீ எழுதியது அத்தனையும் சரி என்று சொல்லிவிட்டார். "ஒங்க தங்கச்சி நல்லாப் படிச்சிருக்காங்க பாய்" என்று பாராட்டு வேறு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதனால் பூட்டை எடுத்துவிட்டேன். வலையையும் கழற்றிப் போட்டுவிட்டேன். கிணறு வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது, எந்தச் சாதிக்காரனும் எந்த மதத்துக்காரனும் வந்து மொண்டுகொள்ளலாம். தடுக்கமாட்டேன்.

ஆனால் கிணற்றுக்குப் பக்கத்தில் சிமெண்ட் தொட்டி ஒன்று கட்டியிருக்கிறேன். விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு மோட்டாரைப் போட்டால், இரவெல்லாம் ஊறியது மொத்தமும் தொட்டிக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து சொட்டு நீர்க் குழாயில் கரும்புக்குப் போகிறது. பிடித்து வைத்த தண்ணீர் பிடித்தவனுக்குச் சொந்தம். யார் சொன்னது? நீதான், உன் கையெழுத்தில் இருக்கிறது. காலனிக்காரர்கள் யாரும் சாகிற நிலையில் இல்லை, அல்லாஹ் காப்பாற்றினான். கைபம்பு இருக்கிறது, நடந்தால் கிடைக்கிறது.

உன் புத்திக்கும் என் புத்திக்கும் நடுவில் சட்டம் இருந்தது, அது எனக்குச் சாதகமாகப் பேசிவிட்டது. இனிமேலாவது ஆராய்ச்சியைப் பார். மாப்பிள்ளைக்கு ஸலாம் சொல்.

தஸ்தகீர்


வெள்ளிமலை
8.5.2024

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. கிணற்றைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீரைத் திருடிக்கொள்கிற சாமர்த்தியம் உனக்குத்தான் வரும். வரிக்கு வரி சட்டத்தைக் காப்பாற்றிவிட்டாய், எதற்காக அது வந்ததோ அதன் கழுத்தை நெரித்துவிட்டாய். இதைச் சரி என்கிற சட்டம் எதுவானாலும் எனக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டு, அப்புறம் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். குற்றம் சட்டத்தின் மேல் இல்லை.

நேற்று முதல் பஸ்ஸில் இறங்கி வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. காலனிக்குத்தான் போனேன். நம் கிணறு வெட்டிய பெரியவர் பாவாடையும் கொளஞ்சியம்மாளும் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் பாவாடை, "சுலைகா தண்ணிக்கு இப்பிடி ஒரு காலம் வரும்னு நெனச்சிக்கூடப் பாக்கலம்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் அம்மா பெயர் அவர் வாயில் எப்படி வந்தது என்று கேட்டேன்.

அம்மா மவுத்தானதற்கு அடுத்த கோடையில் அத்தா அந்தக் கிணற்றை வெட்டினார் என்பது எனக்குத் தெரியும். எதற்காக வெட்டினார் என்று தெரியாது, நான் அப்போது பால்பல் விழாத பிள்ளை. பாவாடை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மொத ஊத்து வந்ததும் ஒங்கத்தா அங்க இருந்தவங்களக் கூப்ட்டு, இது எங்கூட்டுக்காரி சுலைகா பேருல அல்லாவுக்காக வுட்டது, குடிக்க வர்ற யாரையும் நானும் தடுக்க மாட்டேன், எம்புள்ளைங்களும் தடுக்கக் கூடாதுன்னாரு. நாங்க ரெண்டு பேரும் நின்னுக்கினு இருந்தோம்." கொளஞ்சியம்மாள் தலையை ஆட்டினாள். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பாய்கிட்ட சொல்லாமயா? ஒனக்கு வயசாயிடுச்சி பாவாடைன்னு போய்ட்டாரு" என்றார்.

வாயால் சொன்னாலே அது அல்லாஹ்வுக்கு விட்ட வக்ஃபு ஆகிவிடும், உனக்குத் தெரியும். செத்துப்போன நம் அம்மாவின் தர்மத்தை நீ கரும்புக்குப் பாய்ச்சிக்கொண்டிருக்கிறாய்.

அங்கிருந்து நேரே பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி வீட்டுக்குப் போனேன். ஹஜ்ரத்தையும் வரச் சொன்னார். கேட்டுவிட்டு ஹஜ்ரத் சங்கடப்பட்டார். முஸ்லிமுக்கு எதிராக வேறு மதத்தார் சாட்சியைப் பழைய சட்டக் கிதாபுகள் ஏற்பதில்லையாம். பயணத்தில் மரணம் வந்தால் அவர்களைச் சாட்சி வைக்கலாம் என்று வேதமே சொல்கிறதே என்றேன். "ஒங்கத்தா பயணத்துல இல்லையேம்மா" என்றார். கிணறு வெட்டியவர் கண்ணால் கண்டது சாட்சியில்லையா என்று கேட்டேன். புத்தியால் எவனுக்கும் தெரிகிற நியாயம் என்று உனக்கு எழுதினேனே, அது அந்தக் கூடத்தில் செல்லுபடியாகவில்லை. ஆனால் எழுந்து வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன், விடமாட்டேன்.

ஷம்ஷாத்


தோட்டத்து வீடு
11.5.2024

ஷம்ஷாத்,

என் முதுகுக்குப் பின்னால் முத்தவல்லி வீடு வரைக்கும் போயிருக்கிறாய். ஊரில் தலைகாட்ட முடியவில்லை. டீக்கடையில் என்னைக் கண்டால் பேச்சு நின்றுபோகிறது.

சாட்சி செல்லாது என்று ஹஜ்ரத்தே சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது. அத்தா அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பாவாடை குடிக்கிறவன், கொளஞ்சியம்மாள் அவன் சொல்லுக்குத் தலையாட்டுகிறவள். அம்மா பெயரை இதில் இழுக்காதே. உன்னைவிட எனக்குத்தான் அம்மாவைத் தெரியும். உனக்கு அவள் முகம்கூட ஞாபகம் இருக்காது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

தஸ்தகீர்


வெள்ளிமலை
13.5.2024

அண்ணனுக்கு,

எழுதுவேன்.

ஆமாம், எனக்கு அம்மாவின் முகம் ஞாபகமில்லை. அது வலித்தது. வலிக்கட்டும் என்றுதானே எழுதினாய். முகம் ஞாபகமில்லாதவளுக்கு மிச்சமிருப்பது அந்தக் கிணறு ஒன்றுதான்.

சாட்சி செல்லாது என்பதை இப்போதைக்கு ஒப்புக்கொள்கிறேன். சாட்சியில்லாத வழக்கில் உன் சட்டம் அடுத்தபடியாக என்ன சொல்கிறது தெரியுமா? வழக்குப் போட்டவரிடம் சாட்சி இல்லையென்றால், மறுக்கிறவர் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் அவர் பக்கம் தீர்ப்பு. செய்ய மாட்டேன் என்று நின்றுவிட்டால், நம் ஹனஃபி மத்ஹபில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு. இதை ஹஜ்ரத்திடம் போனில் கேட்டுவிட்டேன், மொட்டைமாடியில் ஏறி நின்றுதான். ஒத்துக்கொண்டார். முத்தவல்லியும் ஒத்துக்கொண்டார்.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் நீ சொல்ல வேண்டியது ஒரே வரி: "அல்லாஹ்வின் மேல் ஆணை, எனக்குத் தெரிந்து என் அத்தா இந்தக் கிணற்றை என் அம்மா பேரில் தர்மமாக விட்டதாகச் சொல்லவில்லை." சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே நான் வழக்கை விடுகிறேன். தொட்டியில் பிடி, கரும்புக்குப் பாய்ச்சு, நான் வாயைத் திறக்கமாட்டேன். எனக்கு அங்கே உள்ளே வர இடமில்லை, பெண்ணாயிற்றே. என்ன நடந்தது என்று நீதான் எழுத வேண்டும்.

நான் அங்கே இல்லையென்றாலும் நீ பொய்ச் சத்தியம் செய்யமாட்டாய் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கை எந்தச் சட்டத்திலிருந்து வருகிறது என்று எனக்கே தெரியவில்லை.

ஷம்ஷாத்


தோட்டத்து வீடு
18.5.2024

ஷம்ஷாத்துக்கு,

நேற்று நடந்ததை எழுதுகிறேன். எழுதச் சொன்னாயே.

தொழுகை முடிந்து யாரும் எழுந்து போகவில்லை. கல்யாணத்துக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பாவாடை வெளியே கேட்டருகில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். முத்தவல்லி என்னை முன்னால் கூப்பிட்டார். ஹஜ்ரத் அந்த வரியைச் சொல்லி, "யோசிச்சிச் சொல்லுங்க பாய், அவசரமில்ல" என்றார். நான் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். வீட்டிலிருந்து வருகிற வழியெல்லாம் அந்த வரியைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். சத்தியம் என்னவென்று பார்த்துக்கொள்: எனக்குத் தெரிந்து சொல்லவில்லை. நினைவில்லாதவனுக்கு அதைச் சொல்ல என்ன கஷ்டம்?

"அல்லாஹ்வின் மேல் ஆணை" என்றேன். அதுவரைக்கும் வந்தது.

அதற்குமேல் ஒரு செம்பு வந்து நின்றது ஷம்ஷாத். அம்மா தொழுகைக்கு முன் வஸு செய்கிற பித்தளைச் செம்பு, விளிம்பு நசுங்கினது. அன்றைக்கு அத்தா அந்தச் செம்பில் முதல் தண்ணீரை மொண்டு என் கையில் கொடுத்து, "வெட்டனவருக்கு மொதல்ல குடு" என்றார். நான் கொண்டுபோய்ப் பாவாடைக்குக் கொடுத்தேன். சேறு கலந்த தண்ணீர், அப்படியே குடித்தார். பிறகு அத்தா அதைச் சொன்னார், பாவாடை உன்னிடம் சொன்னாரே, அதே வார்த்தை. சொல்லி முடித்து துவாவுக்குக் கையேந்தினார். அங்கே ஆமீன் சொல்ல ஒரு முஸ்லிம்தான் இருந்தான். நான்தான் சொன்னேன்.

பாவாடை சாட்சி செல்லாது என்று சந்தோஷப்பட்டேன். செல்லுகிற சாட்சி நானே என்பதை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்வது பொய். கரும்பைப் பார்த்துப் பார்த்து அதைப் பார்க்காமல் இருந்தேன்.

ஹஜ்ரத் இரண்டாம் தரம் கேட்டார், மூன்றாம் தரமும் கேட்டார். "சொல்லமாட்டேன் ஹஜ்ரத்து, எங்கத்தா சொன்னாரு, நா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். ஊரே பார்த்தது. போகட்டும்.

தொட்டியை இடிக்கவில்லை, சிமெண்ட் நல்ல சிமெண்ட். காலனியைப் பார்த்த பக்கம் குழாய் போடச் சொல்லி இன்று காலையிலேயே ஆள் வந்துவிட்டான். காலையில் ஊறுவது முதலில் குடத்துக்கு, மிஞ்சினால் கரும்புக்கு. பாதிக் கரும்பு போய்விடும். போனால் போகிறது, மாட்டுக்காவது ஆகும்.

உன் ஆராய்ச்சிக்கு ஒரு கேள்வி. நேற்று என்னை நிறுத்தியது எது? அல்லாஹ்வுக்குப் பயந்தேன் என்று ஊரில் சொல்கிறார்கள். நரகம் நினைவுக்கு வந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லுவேன். வரவில்லையே, செம்புதானே வந்தது. அதை உன் ஆட்கள் இயற்கைச் சட்டம் என்பார்களா? ஆனால் ஆணையிடச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தச் செம்பும் வந்திருக்காது. எனக்குப் பிடிபடவில்லை.

தஸ்தகீர்


வெள்ளிமலை
21.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மாடியில் நின்று படித்தேன். டவருக்காக இல்லை, இவருக்கு முன்னால் அழவேண்டாமே என்றுதான்.

உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு சட்டமும் எங்கே பிரிகின்றன என்று அந்த அத்தியாயத்தில் நறுக்கென்று ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு அடித்துவிட்டேன். மறுபடி எழுத வேண்டும்.

ஆனால் இன்னும் முடியவில்லை. நாளைக்கு உன் பிள்ளைகளுக்குச் செம்பு நினைவுக்கு வராது. கிணற்றை வக்ஃபுப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்துவிடுவோம். பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். ஒன்று பாவாடை, இன்னொன்று கொளஞ்சியம்மாள். வேறு யாரையும் ஒத்துக்கொள்ளமாட்டேன். பள்ளிவாசலில் செல்லாத சாட்சி அங்கே செல்லும். ஹஜ்ரத்திடம் கேட்க வேண்டாம், நீயே முடிவு பண்ணு.

ஷம்ஷாத்


தோட்டத்து வீடு
31.5.2024

தங்கச்சி ஷம்ஷாத்துக்கு,

நேற்று பத்திரம் பதிந்தாகிவிட்டது. இரண்டு பேரையும் என் வண்டியில் நானே அழைத்துப் போனேன். ஆபீசில் இருந்த ஆள் பாவாடையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கெணறு பாய் குடும்பத்துது, நீங்க எப்பிடி சாட்சி?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பாவாடை, "நாந்தாங்க வெட்டனேன். மொதத் தண்ணிய இவுரு கையாலதான் குடிச்சேன்" என்றார். கொளஞ்சியம்மாள் கைநாட்டு வைத்துவிட்டு மையை என் சட்டையிலேயே துடைத்துவிட்டாள். அண்ணி இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஹஜ்ரத்திடம் கேட்கவில்லை. அவராகவே மாலையில் வந்து குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, அம்மாவுக்கு துவா செய்துவிட்டுப் போனார்.

பாகத்தைப் பற்றித் தனியாகக் கேட்பேன் என்று எழுதியிருந்தாய். நானும் மறக்கவில்லை. பக்ரீத்துக்கு வா. இந்தத் தரம் பிரியாணியை முழுசாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கேள். என்ன சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாது. ஆனால் கிதாபைக் காட்டித் தப்பிக்க மாட்டேன்.

அண்ணன்,
தஸ்தகீர்